சோதனைத் தாள் சொல்லாத ஆபத்து

கர்நாடகத்தில் 20 முதல் 54 வயது வரையுள்ளவர்களிடம் நடந்த யூரோபிரிவால் ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 விழுக்காடு. ஐஜிஇயும் இருந்து, அதே உணவைச் சாப்பிட்டால் தொந்தரவும் வருகிறது என்று சொன்னவர்கள் 1.2 விழுக்காடுதான்.

இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டு, நம் நோயாளிகள் கையில் கொண்டுவரும் ‘அலர்ஜி பேனல்’ தாள்களைப் பாருங்கள். பால், கோதுமை, கத்தரிக்காய், கொண்டைக்கடலை என்று வரிசையாக ‘பாசிட்டிவ்’. என்ன சாப்பிட்டான், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பாதிச் சமையலறைக்குத் தடை விழுந்திருக்கும். ஐஜிஜி பேனல்கள் இன்னும் மோசம். வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு ஐஜிஜி4 உருவாவது இயல்பு. நோயறிதலுக்கு அது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008லேயே சொல்லிவிட்டது. அதை எழுதிக் கொடுப்பதை நம்மில் சிலர் இன்னும் நிறுத்தவில்லை.

காரணமில்லாத விலக்கு பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறு. லண்டனில் கிடியான் லாக் குழுவினர் கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை வைத்து நடத்திய லீப் ஆய்வு 2015இல் வந்தது. தோல் சோதனையில் வேர்க்கடலைக்கு எதிர்வினை காட்டாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களுக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை 13.7 விழுக்காடு, சாப்பிட்டு வந்தவர்களுக்கு 1.9. எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடித்துவந்த பாலை எக்சிமாவுக்காக நிறுத்தி, பிறகு மறுபடி கொடுத்தபோது உடனடி ஒவ்வாமை வந்த குழந்தைகளைப் பற்றிய பதிவுகளும் உண்டு.

பெற்றோர் உண்மையில் கேட்பது வேறு. “உயிருக்கு ஆபத்தா டாக்டர்?” தோல் தடிப்பின் அளவும் ஐஜிஇயின் அளவும் எதிர்வினை வருமா என்பதற்கு ஓரளவு பதில் சொல்லும். எவ்வளவு கடுமையாக வரும் என்பதற்குச் சொல்லாது. அதற்கு முதலில் இது எந்த வகை என்று பிரித்தாக வேண்டும். மகரந்த ஒவ்வாமை உள்ளவருக்குப் பச்சைப் பழம் கடித்ததும் வாய் அரிப்பது பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும். எஃப்பிஐஇஎஸ் (உணவுப் புரதத்தால் வரும் குடல் அழற்சி) உள்ள குழந்தை சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் ஓயாமல் வாந்தி எடுத்துத் துவண்டுபோகும். தடிப்பு இருக்காது, ஐஜிஇயும் பெரும்பாலும் இருக்காது. செப்சிஸ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஏற்றுவோம். அதற்கு வேண்டியது திரவம். கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் மயங்கி விழுபவருக்கு ஒமேகா-5 கிளையாடின் சோதனை தேவை. ஆஸ்பிரின் வகை மாத்திரையும் மதுவும் உடற்பயிற்சியைப் போலவே தூண்டிவிடும். இறைச்சி சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து நடுராத்திரியில் தடித்து எழுபவரிடம் ஆல்ஃபா-கால் பற்றி நினைக்க வேண்டும். இவை எல்லாம் கேள்வி கேட்டால் மட்டுமே பிடிபடுபவை.

கடுமையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி, இறந்தவர்களிடமிருந்து வந்தது. 1992இல் ஹியூ சாம்ப்சன் குழுவினர், உணவு ஒவ்வாமையால் இறந்த 6 பேரையும் மயிரிழையில் தப்பிய 7 பேரையும் பற்றி எழுதினார்கள். பதின்மூன்று பேரும் பிள்ளைகளும் பதின்பருவத்தினருமே. அவர்களில் 12 பேருக்கு ஆஸ்துமா, அதுவும் கட்டுப்பாட்டில் இருந்த ஆஸ்துமா. இறந்தவர்களில் முதல் ஒரு மணி நேரத்தில் அட்ரினலின் கிடைத்தது இருவருக்கு மட்டுமே; தப்பியவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அரை மணிக்குள் கிடைத்தது. பிரிட்டனின் இறப்புகளை ஆராய்ந்த பம்ஃப்ரி, உணவு ஒவ்வாமையில் மூச்சோ இதயமோ நிற்கும் இடைநிலை நேரம் 30 நிமிடம் என்று 2000இல் காட்டினார். அந்த நாட்டிலேயே 1998க்கும் 2018க்கும் இடையில் உணவால் வரும் அனஃபிலாக்சிஸ் சேர்க்கை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. சேர்க்கப்பட்டவர்களில், உணவால் நேர்ந்தது என்று உறுதியான இறப்பு 0.70இலிருந்து 0.19 விழுக்காட்டுக்கு இறங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகளின் இறப்புக்குத் தனியொரு காரணமாக முதலிடத்தில் நின்றது பசும்பால். கடலைதான் கொல்லும், பால் சாது என்ற நம்பிக்கை அங்கேயே பொய்த்துவிட்டது.

நம் அவசரப் பிரிவுகளில் இன்றும் முதலில் ஏறுவது அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும். இரண்டும் குரல்வளை வீக்கத்தையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் அந்த அரை மணிக்குள் தடுக்காது. 1:1000 அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மி.கி., தொடையின் முன்-வெளிப்புறத் தசையில். பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.கி. நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். தானியங்கி ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மை. சில ரூபாய் விலையுள்ள ஆம்ப்யூல் எந்த கிளினிக்கிலும் இருக்கலாம்.

பிரிட்டனின் இறப்புப் பதிவேடு 1992இல் தொடங்கியது. நம்மிடம் அப்படி நாடு தழுவிய ஒன்று இல்லை. இறாலா, கொண்டைக்கடலையா, எள்ளா, எது இங்கே ஆளைச் சாய்க்கிறது என்பதை நம் நோயாளிகளிடமிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். நீங்கள் பார்த்த அனஃபிலாக்சிஸ் நேர்வுகளை, நோயாளியின் அடையாளம் நீக்கி, இந்த இதழுக்கு எழுதுங்கள். சாப்பிட்ட உணவு, அறிகுறி தொடங்கிய நேரம், ஆஸ்துமா உண்டா, கூடவே மாத்திரையோ உடற்பயிற்சியோ இருந்ததா, அட்ரினலின் எத்தனையாவது நிமிடத்தில் போடப்பட்டது என்ற விவரங்கள் கட்டாயம் வேண்டும். போடப்படவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.