வயிற்று எரிச்சலும் வைத்தியச் சீட்டும்

வயிற்றில் எரிச்சல் என்றால் நம் ஜனங்கள் சொல்லும் காரணங்களுக்குக் குறைவே இல்லை. சூடு என்பார்கள், வாயு என்பார்கள், கண்ணேறு என்பார்கள், கடைசியில் தலைவிதி என்று மந்திரித்த கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள். சரி, படித்த வைத்திய உலகமாவது என்ன சொல்லிற்று? காரமும் கவலையும் அமிலமுந்தான் காரணமென்று வெகுகாலம் சாதித்து வந்தது. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது அவர்களுக்கு வேதவாக்கு!

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து வைத்தியர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இதை நம்பவில்லை. 1982-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் அக்கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 1984-ல் மார்ஷல் தாமே அதைக் குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சியை வருவித்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரியோர் சொல் என்று நம்பாமல் பரீட்சித்ததன் பலன் இது.

நிற்க, கண்டுபிடித்தால் போதுமா? சீட்டில் எழுத வேண்டாமா? உலக சுகாதார ஸ்தாபனம் வியாதிகளுக்கு எண் கொடுத்துப் பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 10-வது பதிப்பில் இரைப்பை அழற்சிக்கு கே 29. கிருமிக்குத் தனியே பி 98.0. முதல் எண்ணை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால், கணக்கில் வியாதி இருக்கும், காரணம் இராது. 2022-ல் அமுலுக்கு வந்த 11-வது பதிப்பில், டிஏ 42.1 என்ற ஒரே எண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இதனால் சாலவாக்கத்து உழவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். காரணம் தெரியாதவரை அவன் அமிலத்துக்கு மாத்திரை வாங்கியே காசைத் தொலைப்பான். கிருமிதான் காரணமென்று தெரிந்தால், அதைக் கொல்லும் மருந்துகளை இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பெரும்பாலும் விடுபடுவான். விட்டுவைத்தால் சிலருக்குக் குடற்புண்ணும், புற்றுநோயுங்கூட வரும். இக்கிருமி புற்றுநோய்க்குக் காரணமென்று அந்த ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் கழகம் 1994-லேயே தீர்மானித்தது. எல்லா எரிச்சலும் இதனால் வருவதல்ல. அதனால்தான் பரீட்சை வேண்டுமென்கிறோம்.

பக்கத்து உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள். நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவன் பெயர் அந்த ஓலையில் ஏறவில்லை. ஏறாதவனுக்குச் சபையில் இடமுமில்லை. வியாதிக் கணக்கும் அப்படித்தான். எழுதப்படாத கிருமிக்கு எந்த ஊரில் எவ்வளவு மருந்து வேண்டுமென்று சர்க்காருக்கு எப்படித் தெரியும்?

ஆகையால் தோழர்களே, ஆஸ்பத்திரிக்குப் போனால் கைகட்டி நிற்காதீர்கள். "என்ன வியாதி? என்ன காரணம்? பரீட்சித்தீர்களா? சீட்டில் எழுதினீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல, கேளாமலிருப்பதே ஆபத்து.