வேலை தேடுவதற்கும் கைமுதல் வேண்டும்

2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில், ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலாக 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது, முகத்துவாரக் கரையிலே சிறு படகுகள் கடலுக்கு இறங்காமல் மணலில் ஏற்றிவிடப்பட்டுக் கிடந்ததையும், கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்து ஜீவனம் நடத்திவந்த பெண்களிற் சிலர் அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததையும் நாம் கண்ணாற் கண்டோம். மானியத்தை எடுத்துவிட்டால் மனிதர் உழைப்பை நாடிச் செல்வர் என்று பொருளாதார நிபுணர் பலர் நமக்கு உபதேசித்து வந்திருக்கிறார்கள். அந்த ஆகஸ்டிலோ, மானியம் போன மறுநாளே, இருந்த உழைப்பும் நின்றுபோயிற்று.

நிவாரணம் மனிதனைச் சோம்பேறியாக்குகிறது, கூலி இறங்கினால் முதலாளி இன்னும் நாலுபேரை வேலைக்கு வைத்துக்கொள்வார், ஆதலால் கொடுப்பதைக் குறைத்துக் கூலியையும் தளர்த்திவிட்டால் வேலையில்லாதார் தாமாகவே வேலைக்குப் போய்ச் சேர்வார்கள் என்னும் இந்த அபிப்பிராயம் புதியதன்று; அதைச் சொல்பவர் யாவரும் கல்நெஞ்சர் என்று கருதுவதும் நியாயமாகாது. ஆயினும் வேலை தேடுதல் என்பது செலவுள்ள ஒரு காரியம் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பதே நம் குறை. வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஓர் இளைஞன் கட்டுநாயக்கவிலுள்ள தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போவதானால், இரண்டு பஸ் மாறிப் போய்வரும் கட்டணம், கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றிதழ் வாங்க அலையும் ஒரு முழு நாள், பொலிஸ் அறிக்கை, போட்டோப் பிரதிகள், தொலைபேசிக்கு ரீலோட், தோய்த்து மடித்த ஒரு சட்டை, மத்தியானச் சாப்பாடு இத்தனையும் அவன் கைவசம் இருந்தாக வேண்டும். வீட்டில் சிறு பிள்ளையுள்ள பெண்ணானால், அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். பசியோடு எழுந்தவன் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அன்றைய நாளைத் தாண்டுவதற்காகப் புறக்கோட்டைக்குப் போய் நாட்டாமைகளோடு நின்று மூட்டை சுமப்பான். தேர்வுக்கு அழைத்த நாள் கழிந்துவிடும். கடை வைப்பவனுக்கு முதல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளும் நாம், வேலை தேடுபவனுக்கும் ஒரு கைமுதல் வேண்டும் என்பதை ஏன் ஒப்புக்கொள்வதில்லை? அவன் வீட்டுக்கு மாதந்தோறும் நிவாரணமாக வந்த சிறு தொகைதான் அந்தக் கைமுதல்.

கூலிக் குறைப்பைப் பற்றிய வாதத்துக்கு நம் வெள்ளவத்தையிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. இன்று ஹவ்லொக் வீதியோரமாக உயர்ந்த மாடிவீடுகள் எழுந்து நிற்கும் அந்த நிலத்திலேதான் ஒருகாலத்தில் இலங்கையின் மிகப் பெரிய நெசவாலை இயங்கிற்று. உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூலிக் குறைப்பை எதிர்த்து அங்குள்ள தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அவர்களுள்ளும் மலையாளிகள் மிகுதி. இலண்டனில் படித்துத் திரும்பிய இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்றார். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். அந்த ஆண்டுகளில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் கூலி குறைக்கப்பட்டது. கூலி குறைந்ததனால் வேலை பெருகியதா? தோட்டங்களிலிருந்து ஆட்கள் நிறுத்தப்பட்டுக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கொழும்பிலோ வேலையின்றித் திரிந்தோர் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு முதலாளி மட்டும் தன் ஆட்களின் கூலியைக் குறைத்தால் அவருக்கு இலாபம் உண்டாகலாம்; எல்லா முதலாளிகளும் ஒரே காலத்தில் குறைத்தால், அவர்கள் நெய்த துணியை வாங்குவதற்கு ஆள் யார்? தொழிலாளியின் சம்பளந்தானே கடைக்காரரின் வியாபாரம்?

அந்தக் காலத்தில் நிகழ்ந்த இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. வேலையிழந்த சிங்களத் தொழிலாளரின் கோபம் கூலியைக் குறைத்தவர்மீது திரும்பாமல், பக்கத்து இயந்திரத்தில் நின்ற மலையாளியின்மீது திருப்பப்பட்டது. மலையாளிகளைத் திருப்பி அனுப்பு என்னும் கூச்சல் கொழும்பில் எழுந்ததும், அதற்குக் குணசிங்கவே குரல்கொடுத்ததும் சரித்திரம். எல்லாருடைய கூலியும் ஒருங்கே தாழும்போது, இருக்கும் கொஞ்ச வேலைக்காக அயலவன் அயலவனைப் பகைக்கிறான். சிறுபான்மையினர் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அந்தப் பகைக்கு எத்தனை முறை விலை கொடுத்திருக்கின்றன என்பது இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதன்று.

இனி நிவாரணக் குறைப்பைப் பற்றிய வாதம். 1953-ஐப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. கூப்பன் அரிசி கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டதும், ஆகஸ்ட் 12-ஆம் திகதி ஹர்த்தாலில் நாடே ஸ்தம்பித்ததும், துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலே மந்திரிசபை கூட நேர்ந்ததும், அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்ததும் நம் பெரியவர்கள் நேரில் அறிந்த விஷயங்கள். அந்த வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் கால் நூற்றாண்டு கழிந்து, இம்முறை ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மையோடு, அவரே மீண்டும் அரிசியின்மீது கைவைத்தார்.

எதிர்வாதம் செய்வோரின் மிகப் பலமான ஆதாரமும் அந்த இரண்டாம் முறையில்தான் இருக்கிறது. அதனை ஒளிக்காமல் எடுத்துச் சொல்வதே முறை. 1978-இல் பங்கீட்டரிசி மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அதுவும் போய், உணவு முத்திரை வந்தது. 1973-இல் நூற்றுக்கு 24 ஆக இருந்த வேலையின்மை 1981/82-இல் நூற்றுக்கு 12-க்கு அருகில் இறங்கியது. மானியம் குறைந்தது, வேலையின்மையும் குறைந்தது. இதற்குமேல் சாட்சி எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் அதே ஆண்டுகளில்தான் முப்பது ஆண்டுகளில் செய்து முடிப்பதாக இருந்த மகாவலித் திட்டம் ஆறு ஆண்டுகளுக்குள் நெருக்கப்பட்டது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று அணைகளின் வேலை தொடங்கியது. வெளிநாட்டு உதவி முன்னொருபோதுமில்லாத அளவில் வந்து குவிந்தது. கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. வளைகுடா நாடுகளுக்கு ஆயிரக்கணக்கானோர் விமானமேறினார்கள். அரசாங்கம் பெருந்தொகையைச் செலவழித்தது. அந்தச் செலவு கூலியாகப் பிரிந்தது. கூலி கடைத்தெருவுக்கு வந்து மறுபடி வேலையாயிற்று. அணைக்கட்டில் கல் சுமந்தவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அணைக்கட்டே ஒழிய, அவன் தாயாரின் கூப்பன் பறிபோனதன்று.

கூப்பனுக்குப் பதில் வந்த முத்திரையின் கதி என்னவாயிற்று? அதில் அச்சிட்ட ரூபாத் தொகை மாறாமலே இருக்க, 1980-ஆம் ஆண்டில் மாத்திரம் கொழும்பு விலைவாசி நூற்றுக்கு 26 ஏறிற்று. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக நெவில் எதிரிசிங்க 1987-இல் வெளியிட்ட ஆய்வு, மிக வறிய ஐந்தில் ஒரு பங்கினர் உண்ட உணவின் கலோரி அளவே அந்த மாற்றத்தின் பின் குறைந்துபோனதை எடுத்துக்காட்டியது. 1980 ஜூலையில், ஏறிய விலைக்கு ஈடாக 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலையின்மை குறைந்த காலம் என்று போற்றப்படும் அந்தக் காலத்தில், அரசாங்கம் தன் கையாலேயே வேலையற்றவராக்கிய குடும்பங்கள் அவை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2021-இல் 12,500 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2024 வரை அசையாமல் நிற்க, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்குள் நூற்றுக்கு எழுபதளவு உயர்ந்திருந்தது. எந்த முதலாளியும் எழுத்தில் கேட்கத் துணியாத அளவுக்குக் கூலி குறைந்தது. மண்ணெண்ணெய் மானியமும் மின்சார மானியமும் நீங்கின. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. குறைந்த கூலியும் குறைந்த நிவாரணமும் வேலையைப் பெருக்கும் என்பது மெய்யானால், அந்த ஆண்டுகளில் வேலைக்கு வந்து நிற்பவர் தொகையாவது பெருகியிருக்க வேண்டும். 2019-இல் வேலை செய்யும் வயதினரில் நூற்றுக்கு 52.3 பேர் வேலையிலோ வேலை தேடுவதிலோ இருந்தார்கள். 2023-இல் அது 48.6. தேடுவதையே விட்டுவிட்டவர்களை வேலையின்மைக் கணக்கு சேர்ப்பதில்லையாகையால், நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்த அந்தக் கணக்கு வெளிக்குச் சாந்தமாகவே தோன்றுகிறது. வயதும் நோயும் கல்வியும் இதற்கு ஓரளவு காரணமாகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பசி மனிதரை வேலைச் சந்தைக்குள் துரத்தியதற்கு அடையாளம் எதுவும் இல்லை. கடவுச்சீட்டு அலுவலகத்துக்குத் துரத்தியது. 2022-இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள்.

நிவாரணம் உழைப்பை ஒருபோதும் குறைப்பதில்லை என்று நாம் சத்தியம் செய்யவில்லை. இலங்கையின் அரிசி மானியம் பெற்ற குடும்பங்களில் வேலைசெய்த நாட்கள் சற்றுக் குறைந்திருந்தன என்று டேவிட் சான், ஹெரால்ட் ஆல்டர்மன் என்னும் இரு ஆய்வாளர் 1996-இல் எழுதினர். குறைந்த அந்த நாட்களில் காய்ச்சலோடு கூலிக்குப் போகாமல் படுத்த நாட்கள் எத்தனை, பச்சைக் குழந்தையோடு தாய் வீட்டில் இருந்த நாட்கள் எத்தனை என்பதை எந்தப் புள்ளிவிவரமும் தனியே பிரித்துக் காட்டுவதில்லை. அத்தகைய ஓய்வு ஏழைக்கு மறுக்கப்பட வேண்டியது என்றும் நமக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் அபிஜித் பானர்ஜியும் அவருடன் சேர்ந்தோரும் ஆறு நாடுகளின் ஏழு பணவுதவித் திட்டங்களை ஆராய்ந்து, உதவி பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு முறையான சான்று கிடைக்கவில்லை என்று முடிவுகண்டார்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்னும் அரச நிவாரணத் திட்டம் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்து 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என வழங்கியது. முதல் வகையினருக்கு அது 2023 டிசெம்பரோடு முடியும் என்று எழுதியது. பின்னர் அந்தக் காலம் நீடிக்கப்பட்டது உண்மையே. எனினும் வறுமை இன்ன தேதியில் தீரும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் அந்த எண்ணத்தை நாம் ஏற்க முடியாது. கொடுக்கும் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறவேண்டும். ஒருவருக்கு வேலை கிடைத்த மாதமே அவர் பெயரை வெட்டாமல், அந்த வேலை நிலைக்கும்வரை, ஓராண்டாவது தொடர்ந்து கொடுக்கவேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தைப் பிரதேச செயலகமே தரவேண்டும். அரசாங்கத்தின் செலவுக் கணக்கில் இவை பெருந்தொகைகள் அல்ல.

அடுப்பை அணைத்த கொட்டாஞ்சேனைப் பெண்களில் ஒருவர் இப்போது மறுபடியும் இடியப்பம் அவிக்கிறார். ஏழு மாதம் சும்மா இருந்த பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டு அவருக்கு விழுந்தது. அந்தக் காசில் ஓர் எரிவாயுச் சிலிண்டரும் இரண்டு மூடை மாவும் வாங்கினார். இன்று தம்மோடு இன்னொரு பெண்ணையும் கூலிக்கு வைத்திருக்கிறார்.