காலந்தாழ்த்து வந்த ‘ஸ்டிரைஃப்’

கணினி விளையாட்டுக்களை வீண்பொழுதென்று ஒதுக்குவார் ஒருபுறமிருக்க, அவற்றை விரும்பி ஆடுவாரும் புறத்தோற்றத்தின் புதுமை ஒன்றனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அவ்வளவுகோலால் நலிவுற்றது, அமெரிக்க நாட்டு ரோக் என்டர்டெயின்மென்ட் குழுவினரின் ஆக்கமாய் 1996ஆம் ஆண்டு மேத் திங்களில் வெளிவந்த ‘ஸ்டிரைஃப்’. இஃது 1993இல் தோன்றிய ‘டூம்’ விளையாட்டின் நிரலை அடித்தளமாகக் கொண்டது. அடுத்த திங்களிலேயே ‘குவேக்’ முப்பரிமாண உருவங்களோடு வந்தது. தட்டை உருவங்களையுடைய இதனை நோக்குவார் அருகினர்.

ஆயினும் ‘டூமில்’ எதிர்ப்படுவனவெல்லாம் சுடத்தக்கனவே. இதிலோ, டார்ன்ஹில் என்னும் ஊருட் புகுவார்க்கு முதலில் வேண்டுவது நா. ஆங்குள்ளாரோடு உரையாடிச் செய்தி அறிதல் வேண்டும். பொன் கொடுத்துப் படைக்கலம் கொள்ளுதல் வேண்டும். கடந்த இடத்திற்கு மீண்டும் வருதலும் நேரும். ஊர்நடுவே துப்பாக்கி முழங்கின் அபாயமணி ஒலிக்கக் காவலர் சூழ்வர். நஞ்சு தோய்ந்த அம்பினை ஓசையின்றி எய்வானோ தப்புவான். உடல்வலியும் குறிதவறாமையும் கதையோடு வளரும். பிளாக்பர்ட் என்னும் பெண்ணின் குரல் செவியில் ஒலித்து வழிகாட்டும். இடையிடையே எள்ளி நகையாடவும் செய்யும்! யாரை நம்புவது என்னும் தேர்வுக்கேற்பக் கதைமுடிவும் வேறுபடும்.

என் உள்ளத்தை மிகக் கவர்ந்தது ‘சிஜில்’ என்னும் படைக்கலம். ஐந்து கூறுகளாய்ப் பிரிந்து கிடக்கும் அதனைத் தேடிச் சேர்ப்பதே கதையின் நோக்கம். ஏனைய படைக்கலங்கள் குண்டினை உண்ண, இஃது ஏந்தியவன் உடல்நலத்தையே உண்ணும். வலிமைக்கு விலை உண்டென்பதை ஒரு சொல்லும் உரையாது, ஆடுவான் கையிலேயே உணரவைத்த இவ்வமைப்பினை நூறு உரையாடல்களுக்கு மேலாக மதிப்பேன்.

உரையாடல் சிலவிடத்து மெலிந்ததென்பர், மறுக்கவில்லை. 1992இல் ‘அல்டிமா அண்டர்வேர்ல்டு’, 1994இல் ‘சிஸ்டம் ஷாக்’ ஆகியன முன்னரே இந்நெறியில் நடந்தன என்பர்; அதுவும் மெய்யே. எனினும் அவை ஆழ்ந்து பயில்வார்க்குரியன. விரைந்து சுடுதலையே விரும்பினாரையும் நின்று பேசவைத்த அருமை ‘ஸ்டிரைஃபிற்கு’ உரியது. 2000இல் வந்த ‘டேயஸ் எக்ஸ்’ இத்தகைய தேர்வுகளுக்காகப் புகழப்பெற்றபோது, இதனை நினைத்தார் எத்துணையர்?

இதன் மூலநிரலும் பின்னர்த் தொலைந்துபோயிற்று. ஆர்வலர் சிலர், இயங்கும் வடிவினை வரிவரியாக ஆராய்ந்து நிரலை மீட்டெழுதினர். ஏடு தேடுவார் உழைப்பிற்கு இஃது எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. அம்முயற்சியின் பயனாகவே நைட் டைவ் குழுவினரின் மறுபதிப்பு 2014இல் வெளிவந்தது.