அவள் சொன்னது அவள் மொழியிலேயே பதியப்படட்டும்

இலங்கை மலையகத்தின் டிக்கோயாத் தேயிலைத் தோட்டங்களில் பத்தாந்தேதி சம்பளம். அன்று இரவு எந்தக் காம்பிராவில் அடி விழும் சத்தம் கேட்கும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் சுவரோடு சுவராக நிற்கிற இடத்தில் எதை மறைக்க முடியும்? விடிந்ததும், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் முக்காட்டை இழுத்துவிட்டு நிற்பவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவளும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள்.

நான் இங்கே ஒரு தோட்டத்தில் பிறந்து, இங்கேயே படிப்பித்து ஓய்வு பெற்றவள். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால், என்னிடம் படித்த பிள்ளைகள் பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக நேரும்போது, "டீச்சர், கூட வாங்க" என்று கூப்பிடுவார்கள். அப்படிப் போய்க் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

அடிபட்டவள் முதலில் போவது பொலிசுக்கு அல்ல, தோட்டத் தலைவர் வீட்டுக்கு. தொழிற்சங்கத் தலைவர்தான் எங்கள் தோட்டங்களில் பஞ்சாயத்தும் செய்கிறார். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்குவார். அந்தச் சத்தியம் அடுத்த சம்பளம் வரை நிற்கும். மாதர் தலைவி என்று ஒருவர் இருந்தாலும் இந்தப் பேச்சுக்கு அவரைக் கூப்பிடுவது அபூர்வம். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சங்கத்துக்குச் சந்தா கழிவதும் அவர்கள் சம்பளத்தில்தான். தொழிற்சங்க முன்னோடி நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது 1931இல். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் அந்தக் காலத்திலேயே தொழிலாளர் நடுவே நின்று பாடியவர். இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு பெண்ணின் காயத்தைப் பற்றி ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

காயம் பெரிதானால் ஆஸ்பத்திரி. "கொழுந்து மலையில சறுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் போதும். மழையில் நனைந்த சரிவில் தினமும் யாராவது சறுக்குகிற ஊர் இது, எந்த டாக்டரும் நம்புவார். சிங்களம் மட்டும் தெரிந்த டாக்டருக்கு அவள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவர் பல நேரம் கூட வந்த கணவர்தான். அடித்தவரே பக்கத்தில் நின்று பேசும்போது அவள் வேறு என்ன சொல்வாள்? அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'மிதுரு பியச' என்ற நட்பு நிலையங்களைச் சுகாதார அமைச்சு வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அவளைத் தனியே அழைத்துப்போய்த் தமிழில் கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் அந்த நிலையம் அவளுக்குப் பயன்படும்.

ஒரு பொலிஸ் நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தலையில் கட்டோடு வந்த பெண்ணை விசாரித்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. நான் போய்ச் சேர்வதற்குள், கூட வந்த தலைவர் மொழிபெயர்த்து முறைப்பாடு எழுதி முடிந்திருந்தது. அவளும் கையெழுத்து வைத்துவிட்டாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். மூன்று வருஷமாக அடிக்கிறார், போன வாரம் கழுத்தை நெரித்தார், நேற்று விறகுக் கட்டையால் தலையில் அடித்தார் என்று சொன்னதாகச் சொன்னாள். தாளை வாங்கி வாசித்தேன். குடித்துவிட்டுச் சண்டை, கைகலப்பில் காயம், சமாதானமாகப் போக விருப்பம் என்று இருந்தது. கழுத்தை நெரித்தது அதில் இல்லை. கழுத்தை நெரிப்பவன் பின்னொரு நாள் கொலையும் செய்யக்கூடும் என்று பல நாட்டு ஆய்வுகள் எச்சரித்திருக்கின்றன. ஒரு நீதவானின் கண்ணில் முதலில் பட வேண்டிய அந்த வரிதான் தாளில் ஏறவில்லை.

இவ்வளவுக்கும் சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்க அவளுக்கு உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவளே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிசும் கேட்கலாம். இருவரும் சேர்ந்து வாழும் வீட்டுக்குள் கணவர் வரக்கூடாது என்றுகூட நீதவான் உத்தரவிடலாம். கட்டளை 12 மாதம் வரை நிற்கும். இத்தனை இருந்தும், "குடும்ப விஷயம், தோட்டத்திலேயே பேசி முடிங்க" என்று திருப்பி அனுப்புவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

திரும்பிப் போக அவளுக்கு எந்த வீடு இருக்கிறது? காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். அது பெரும்பாலும் புருஷன் பேரிலோ மாமனார் பேரிலோதான் பதிந்திருக்கும். பிறந்த தோட்டத்துக்குப் போனால், அங்கே அதே அளவு காம்பிராவில் அண்ணன் குடும்பம் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கிடக்கிறது. வழக்குத் தவணைக்கு ஹட்டன் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாயாகத்தான் இருந்தது; கிடைக்கிற சம்பளத்தில் ஓட்டோவுக்கும் கொடுக்க வேண்டும். புதிதாகக் காணியும் வீடும் கிடைக்கிற குடும்பங்களில் உறுதிப்பத்திரத்தில் மனைவி பெயரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டுத் தோட்டத்து ஆண்கள் எல்லாம் இப்படித்தான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், கணவன் அல்லது துணைவனால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் 20.4 சதவீதம். கொழும்பில் அடிபடுகிறவளுக்கும் வெட்கமும் பயமும் உண்டு. ஆனால் பொலிஸ் மேசையில் தன் பேச்சைத் தானே சொல்ல அவளுக்கு மொழி இருக்கிறது.

மலையகத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும், இரவு வேலை நேரத்திலும், தமிழ் எழுதத் தெரிந்த ஒரு பெண் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். இங்கே உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கங்கள் பெண்களிடம் வாங்கும் சந்தாவில் ஒரு பங்கை வழக்குச் செலவுக்கு ஒதுக்கட்டும். தலைவர்கள் சமாதானம் பேசுவதை விட்டு, ஓட்டோ பிடித்து அவளை நீதிமன்றத்துக்கு அனுப்பி வைக்கட்டும்.

தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1938 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அது பெண்கள் உதவிக்கு அழைக்கும் எண். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பொலிசில் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கும்படி வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.