பரீட்சைக்கு முன் மூன்று மாலைகள்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் விடிய விடிய விளக்கு எரிகிறது. சுற்றுச்சூழல் பாடத்துக்கோ கடைசி இரவில் அரைமணி நேரந்தான் கிடைக்கிறது. "அது சும்மாப் பாடம், எதையாவது எழுதினால் போதும்" என்கிறார்கள் பிள்ளைகள். பெற்றோரும் தலையசைத்து விடுகிறார்கள்.

அந்தப் பாடம் சும்மா வந்ததல்ல. எம். ஸி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1991-ம் வருஷம் நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவிட்டது. பள்ளிகளில் இதைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்க வேண்டும், கல்லூரிகளிலும் அவ்வாறு செய்வதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜனங்களுக்கு விஷயம் தெரிந்தாலன்றிச் சட்டம் மட்டும் மண்ணையும் நீரையும் காத்துவிடாது என்பதே இதிலுள்ள நியாயம்.

ஆகவே பாடத்தை உருப்போடுவதைவிட ஊரில் தேடுவதே நல்ல வழி. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, தூத்துக்குடி செல்லும் பெருஞ்சாலையில் உள்ள பந்தல்குடியை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் மாணாக்கருக்கு மூன்று மாலைப்பொழுதுகள் போதும்.

முதல் மாலை கண்மாய்க் கரைக்கு. மழை இங்கே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அந்தச் சில வாரத்து நீரை ஆண்டு முழுவதற்கும் தேக்கவே முன்னோர் கண்மாய் வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சம் கலுங்கு வழியே அடுத்ததற்குப் போகும். நீர்வளப் பாதுகாப்பு என்ற கேள்விக்கு இதுவே விடை. உணவுச் சங்கிலியும் அங்கேயே இருக்கிறது: பாசி, அதைத் தின்னும் நுண்ணுயிர், அதைத் தின்னும் சிறு மீன், மீனைக் கொத்தும் கொக்கு. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சக்தியே மேலே செல்லும் என்பதை லிண்டமன் என்ற அமெரிக்கர் 1942-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து பாடமாகச் சொல்கிறார்கள். பாசியில் 1,000 பங்கு இருந்தால் கொக்குக்குக் கிடைப்பது ஒரு பங்கு. கொக்குகள் ஏன் குறைவு, பாசி ஏன் ஏராளம் என்பது இப்போது விளங்குமல்லவா?

இரண்டாம் மாலை சுண்ணாம்புக்கல்லுக்கு. பந்தல்குடிச் சுற்றுப்புறத்தில் வெட்டப்படும் இந்தக் கல் சிமெண்டு ஆலைக்குப் போகிறது. சுரங்கப் பள்ளத்தை நெருங்க வேண்டாம். கணக்கை வீட்டுத் திண்ணையிலேயே போடலாம். சுத்தமான கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாக ஆகாயத்தில் கலக்கும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல் தனி. அந்தச் சிமெண்டு இல்லாமல் நம் வீடுகளும் இல்லை. வளர்ச்சிக்கும் சூழலுக்கும் உள்ள இழுபறியை விளக்க இதைவிடத் தக்க உதாரணம் வேண்டியதில்லை.

மூன்றாம் மாலை சீமைக் கருவேலத்துக்கு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரம் கண்மாய்களின் உட்புறத்தையும் வரத்துக் கால்களையும் அடைத்து நிற்கிறது. அதே மரம் ஏழைகளின் அடுப்புக்கு விறகாகிறது. மூட்டம் போட்டுக் கரியெடுப்போருக்குக் கூலி தருகிறது. இரு பக்கத்தையும் எழுதி, பிறகு தன் முடிவைச் சொல்லும் மாணாக்கனுக்கு மதிப்பெண் தர எவரும் தயங்கமாட்டார்.

சட்டங்களின் வருஷங்களை மட்டும் மனனம் செய்தே ஆகவேண்டும்: வனவிலங்கு 1972, நீர் 1974, வனம் 1980, காற்று 1981, சுற்றுச்சூழல் 1986. கடைசிச் சட்டம் 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு பிறந்தது. காரணம் தெரிந்தால் வருஷம் மறக்காது.

ஒவ்வொரு மாலையும் வீடு திரும்பியதும் புத்தகத்தைத் திறக்காமல், கண்டதைப் பாட்டியிடம் சொல்லச் செய்யுங்கள். பாட்டி "ஏன்?" என்று கேட்கட்டும். விடை தடுக்கிய இடத்தை மட்டும் புத்தகத்தில் பார்த்து, ஒருநாள் விட்டு மறுபடியும் சொல்லட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே பாடத்தை நிலைநிறுத்துகிறது.

வினாத்தாள் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். கண்மாயைத் தூர் வாருவதா, மனை போடுவதா என்ற கேள்வி பின்னொரு நாள் கிராம சபைக்கு வரும். அன்று கை தூக்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகளே.