ஆள் தேடும் மிஷின். வேலை தேடும் ஆள்!

திருப்பூரில் மங்கலம் பஸ் ஏறுங்கள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் உட்காருங்கள். கருவம்பாளையம் தாண்டி, ஆண்டிபாளையம் தாண்டி, மங்கலம் வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள்.

கம்பெனி கேட்டில் ஒரு போர்டு. மின்கம்பத்தில் ஒரு தகரம். டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: “ஆட்கள் தேவை!”

ஓவர்லாக் டெய்லர் தேவை. பேட்லாக் டெய்லர் தேவை. செக்கிங் பெண்கள் தேவை. அயர்னிங் மாஸ்டர் தேவை. தறி ஓட்ட ஆள் தேவை.

இப்போது பஸ்ஸுக்கு உள்ளே திரும்புங்கள். பிளஸ் டூ முடித்து ரெண்டு வருஷமாய் “ஏதாச்சும் பாத்துட்டு இருக்கேன்” என்கிற பையன். டிகிரியை பைலில் வைத்துக்கொண்டு இன்டர்வியூ போய்விட்டுத் திரும்புகிற பெண். மூடின தறிக்குடோனில் இருந்து வெளியே வந்த நாற்பது வயதுக்காரர்.

வெளியே ஆள் பஞ்சம். உள்ளே வேலைப் பஞ்சம்! இது என்ன கூத்து?

மூன்று பேர், மூன்று நியாயம்

முதலாளியைக் கேட்டால் ஒரே புலம்பல். “ஆள் வர்றாங்க, வேலை தெரியலீங்க. ஒரு மாசம் துணியைக் கெடுத்துக் கத்துக்கறாங்க. கத்துக்கிட்டதும் நாலு ரூபா கூடத் தர்றாங்கன்னு பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடறாங்க. நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?”

பையனைக் கேட்டால் அவன் சொல்வதும் நியாயமே. “எங்க போனாலும் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேக்கறாங்கண்ணா. வேலை குடுத்தாத்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும்?”

அதிகாரியைக் கேட்டால் திட்டங்களின் பட்டியலை நீட்டுவார். இத்தனை மையம், இத்தனை பேர், இத்தனை சர்டிபிகேட்!

மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியதும் இல்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை

ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் 1950-ல் வந்தது. காலி இடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959-ல் வந்தது. தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. கிராமத்து இளைஞருக்கு 2014-ல் ஒரு திட்டம். ஜவுளித் தொழிலுக்கென்றே 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற ‘சமர்த்’ திட்டம். கல்லூரி மாணவருக்கு 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’. எழுபது வருஷத்துக்கு மேலாகத் திட்டத்துக்குப் பஞ்சமே இல்லை!

சமர்த் திட்டத்தில் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது. ஆலைத் தொழிலுக்குப் பயிற்சி பெற்றுத் தேறியவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை வாங்கித் தரவேண்டும். சபாஷ்! ஆனால் வேலையில் சேர்த்துவிடுவது ஒன்று. ஆள் அங்கே நிலைப்பது வேறொன்று. பயிற்சி மையத்தின் நோட்டில் ‘எத்தனை பேர்’ என்று கணக்கு. கம்பெனியின் நோட்டில் ‘எந்த வேலைக்கு ஆள்’ என்று கணக்கு. ரெண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது யார்?

இன்னொரு வேடிக்கை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் காத்திருந்தால், குடும்ப வருமானமும் குறைவாக இருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. மூன்று வருஷத்துக்கு. கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து வருஷம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்லும் நேரத்தில், ஐந்து மாதம் ஒரு மிஷினில் உட்கார வைத்திருந்தால் அந்த 600 ரூபாயே தேவைப்பட்டிருக்காதே?

கைமடியில் இருந்து முதலாளி வரை

திருப்பூருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. கைமடி வேலைக்கு வந்த சிறுவன், டெய்லர் பக்கத்தில் நின்று மடித்துக் கொடுத்தான். டெய்லர் சாப்பிடப் போன நேரத்தில் மிஷினை மிதித்துப் பார்த்தான். நாலு வருஷத்தில் டெய்லர். பிறகு கான்ட்ராக்டர். கடன் வாங்கி நாலு மிஷின் போட்டால் முதலாளி! காட்டு வேலையை விட்டுக் கூலிக்கு வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இப்படி முதலாளி ஆன கதையை ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் ஒரு புத்தகமாகவே போட்டார்.

அந்தப் பழைய ஏணி இன்று இல்லை. சிறுவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். அது நல்லதுதான், படிக்க வேண்டிய பிள்ளையைக் கைமடியில் நிறுத்தியதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பழைய ஏணியை எடுத்த இடத்தில் புது ஏணி வைக்க வேண்டாமா?

வைத்த சில ஏணிகளும் ஏமாற்று ஏணிகள். ‘சுமங்கலி’ என்ற பெயரில் நூல் மில்களில் நடந்தது ஊருக்கே தெரியும். ‘பயிற்சி’ என்று சொல்லி ஏழைப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, குறைந்த கூலிக்கு வேலை வாங்கி, கடைசியில் மொத்தமாய் ஒரு தொகை தருவதாய்ச் சொன்னார்கள். அதனால்தான் இன்றைக்கும் ‘பயிற்சி’ என்றால் தாய்மார்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். அவர்கள் சந்தேகத்தில் தப்பே இல்லை.

என்ன வேலைக்கு ஆள் இல்லை?

டெய்லருக்கு மட்டும்தான் தட்டுப்பாடு என்று நினைத்தால் தவறு.

பனியன் துணி இழுத்தால் இழுபடும். வீட்டு மிஷினில் ஜாக்கெட் தைத்துப் பழகிய பெண், ஓவர்லாக்கில் உட்கார்ந்த அன்றே ஓட்டிவிட முடியாது. அந்தக் கை வேறு. அந்த வேகம் வேறு. மிஷின் ரிப்பேர் ஆனால் பார்க்க மெக்கானிக் வேண்டும். ஒரு மிஷின் நின்றால் அந்த லைனே நிற்கும்.

மங்கலம் பக்கம் சாதாத் தறிக்குப் பதில் நாடா இல்லாத தறி வந்தால், பழைய பிட்டர் கையில் ஸ்பேனர் மட்டும் இருந்தால் போதாது. எலக்ட்ரானிக் போர்டைத் திறந்து பார்க்கத் தெரியவேண்டும்.

சாயப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலைக் கெடுத்ததற்காகத் திருப்பூர்ப் பட்டறைகளை 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு மூடச் சொன்னது. கழிவு நீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாத முறைக்கு வந்தால்தான் திறக்கலாம் என்ற நிலை. சவ்வு வடிகட்டி, ஆவியாக்கும் கொதிகலன் என்று கோடிக்கணக்கில் எந்திரம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள கெமிஸ்ட்ரி படித்த பையன் வேண்டும். நம்ம ஊர் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி பையனுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதையே யாராவது சொன்னார்களா?

பி.காம்., பி.ஏ. படித்த பெண்ணுக்கும் இடம் உண்டு. வெளிநாட்டு பையர் அனுப்பும் அளவுச் சீட்டைப் படித்து, துணியின் எடையும் கலரும் சரிபார்த்து, ஆர்டரைக் கடைசி வரை தொடர்கிற மெர்ச்சண்டைசர் வேலை. அதற்கு வேண்டியது கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கணக்கு, நிறையப் பொறுப்பு.

2024-25-ல் திருப்பூர் ஏற்றுமதி ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய். இத்தனை பெரிய தொழிலுக்கு, ‘அடுத்த ஆறு மாதத்தில் எந்த வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும்’ என்று ஊர் அறிய ஒரு பட்டியல் உண்டா? போர்டுதான் பட்டியல்! சுவர்தான் வேலைவாய்ப்பு அலுவலகம்!

வெளியூர்க்காரன் மேல் பாயாதே

“எல்லா வேலையையும் வடநாட்டுக்காரன் புடிச்சுக்கிட்டான்” என்று ஒரு பேச்சு. ஒடிசாவில் அங்குள்ள பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்து, இங்கே வேலைக்கு ரயில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர்களுக்குத் திருப்பூரின் தேவை தெரிகிறது. பக்கத்து வீதியில் இருக்கும் நமக்குத் தெரியவில்லை! இது அவர்கள் குற்றமா? 2023 மார்ச்சில் பொய் வீடியோ பரவி, அந்தத் தொழிலாளிகள் பயந்து ஊருக்குக் கிளம்பியபோது கம்பெனிகள் பட்ட பாடு மறந்துபோச்சா? வந்தவர்கள் இருக்கட்டும். நம்ம பிள்ளைக்கும் கற்றுக்கொடு என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், முதலாளி வாயால் சொல்வதைக் காகிதத்தில் எழுதித் தரட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இன்ன மிஷின், இன்ன வேலை, இத்தனை பேர், ஆரம்பச் சம்பளம் இவ்வளவு என்று. பயிற்சி மையம் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஆள் சேர்க்கவேண்டும்.

ரெண்டாவது, சொல்லிக்கொடுப்பது கம்பெனி மிஷினில் நடக்கட்டும். ஜெர்மனியில் இதுதான் வழக்கம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடம்; மற்ற நாள் தொழிற்சாலை; மாதாமாதம் கம்பெனியே பணம் தருகிறது. நம்ம ஐ.டி.ஐ.களுக்கும் 2016-ல் இப்படி ஒரு முறை வந்தது. பழகுநர் சட்ட விதிப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம், 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்கவேண்டும். இந்த விதி எத்தனை கேட்டுக்கு உள்ளே போயிருக்கிறது?

எட்டுத் தறி வைத்திருப்பவர் தனியாகப் பயிற்சி நடத்த முடியாது. நியாயம். மங்கலம் சுற்றுவட்டாரத் தறிக்காரர்கள் சேர்ந்து பொதுவாக ஒரு குடோன், ரெண்டு புதுத் தறி, ஒரு நல்ல பிட்டர் என்று வைத்தால் போதும். செலவைச் சங்கம் பங்கு போட்டால், “நான் கத்துக்கொடுத்த ஆளை அவன் தூக்கிட்டான்” என்ற புலம்பலும் பாதி குறையும். ஏற்றுமதியாளர் சங்கம் 1990-ல் பிறந்தது; 1997-லேயே பின்னலாடைக்கு ஒரு கல்லூரி வந்துவிட்டது. மனசு இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? டிசைன் படிக்க ஒரு கல்லூரி. மிஷின் படிக்க ஊருக்கு ஒரு கூடம்!

மூன்றாவது, கற்கிற காலத்தில் வயிற்றுக்கு வழி வேண்டும். கற்ற பிறகு கூலியில் வித்தியாசம் வேண்டும். ரெண்டு மிஷின் தெரிந்தவருக்கும் ஒரு மிஷின் தெரிந்தவருக்கும் ஒரே ரேட்டு என்றால் எந்த மடையன் கற்க வருவான்? தறிக்காரர் பாடும் இதே கதைதான். ஒப்புக்கொண்ட கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் வட்டாரத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தனக்கே கூலி வராத தறிக்காரர் பிட்டருக்கு எங்கிருந்து கூட்டிக் கொடுப்பார்?

நாலாவது, பெண்களை மறக்கவேண்டாம். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, மாலை பள்ளி விடும் முன் திரும்ப முடிகிற பயிற்சி வேண்டும். அதுவும் பஸ் நிற்கிற இடத்தில். இது நடந்தால், ‘ஆள் கிடைக்கலை’ என்கிற செக்கிங் டேபிளுக்கு மங்கலத்திலேயே ஆள் கிடைக்கும்.

கடைசியாக, கணக்கை மாற்றுங்கள். எத்தனை சர்டிபிகேட் என்று எண்ணாதீர்கள். ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கைப் பஞ்சாயத்து போர்டில் ஒட்டுங்கள்.

காலம் காத்திருக்காது

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் எப்படித் திகைத்தது என்று பார்த்தோம். ஆர்டர் ஒரு நாள் வரும், ஒரு நாள் போகும். ஒரே ஒரு தையல் மட்டும் தெரிந்தவர் அந்த ஆர்டரோடு சேர்ந்து வெளியே நிற்பார். நாலு வேலை தெரிந்தவர் எங்கேயாவது பிழைத்துக்கொள்வார்.

கலெக்டர் கூப்பிடட்டும். பனியன் சங்கம், தறிச் சங்கம், தொழிற்சங்கம், ஐ.டி.ஐ. பிரின்சிபால், பஞ்சாயத்துத் தலைவர் எல்லோரும் ஒரு நாள், ஒரே மேஜையில் உட்காரட்டும். டீ, வடை, போட்டோவோடு கலையாமல், கையில் ஒரு பட்டியலோடு எழுந்திருக்கட்டும்.

பைலுக்கு வயசு ஏறினால் தூசுதான் படியும். பையனுக்கு வயசு ஏறினால் எந்தக் கோர்ட்டிலும் ஸ்டே வாங்க முடியாது!