ஒரு டிக்கெட்... ரெண்டு படம்!

ஃப்ரெண்ட்ஸ், ஹாஸ்டல் டி.வி. ரூம்ல சண்டை மூட்டணுமா? ரிமோட்டை எல்லாம் ஒளிச்சு வைக்க வேண்டாம். 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' படத்தைப் போட்டுட்டு ஓரமா உட்கார்ந்துக்குங்க, போதும். இன்டர்வெல் வர்றதுக்குள்ள ரூம் ரெண்டா பிரிஞ்சிடும். "செம ஜாலி படம்டா"ன்னு ஒரு கட்சி. "பொண்ணு பின்னாடி சுத்துறதுல என்ன ஜாலி?"ன்னு இன்னொரு கட்சி. படம் வந்தது 2013-ல. பஞ்சாயத்து மட்டும் இன்னும் முடியலை!

இந்த வாரம் அந்தப் பஞ்சாயத்தைத் தூக்கிக்கிட்டு நேரா திருத்தணிக்குப் போறோம். "திண்டுக்கல் பக்கத்துக் கதைக்குத் திருத்தணியில என்னப்பா வேலை?"ன்னு கேட்பீங்க. இருக்கு பாஸ். இந்த வழக்குல சாட்சி சொல்ல அந்த மலையில ஒருத்தங்க இருக்காங்க. யாருன்னு கடைசியில சொல்றேன். அதுவரைக்கும் சஸ்பென்ஸ்!

முதல்ல கதையை ஒரு ரீவைண்ட். பொன்ராம் டைரக்‌ஷன், இமான் மியூசிக். ஊர்ல வெட்டியா சங்கம் நடத்துற போஸ் பாண்டியா சிவகார்த்திகேயன், கூடவே சூரி. போஸ் பாண்டிக்கு ஸ்கூல் டீச்சர் மேல ஒரு தலைக் காதல். லெட்டர் கொடுக்க ஆள் வேணுமே? அதே ஸ்கூல்ல படிக்கிற லதா பாண்டியைப் போஸ்ட்மேன் ஆக்கிடுறார். (படம் ரிலீஸானது செப்டம்பர் 6, ஆசிரியர் தினத்துக்கு மறுநாள். ஆசிரியர் தினத்துக்கே காரணமான டாக்டர் ராதாகிருஷ்ணன் பொறந்த ஊர் திருத்தணி. டீச்சர்கள் மன்னிப்பார்களாக!)

நடுவுல லதாவுக்கு வீட்டுல கல்யாணம் பேசுறாங்க. அவளுக்கோ படிக்கணும். நம்மாளு போலீஸுக்குத் தகவல் கொடுத்து அந்தக் கல்யாணத்தை நிறுத்துறார். சூப்பர்! ஆனா கொஞ்ச நாள்லயே அதே லதாவைப் புடவையில பார்க்கிறார், மனசு அங்கே தாவிடுது. அப்புறம் பின்னாடி சுத்தல், பாட்டு, அவளும் சம்மதம், அப்பா சிவனாண்டியோட மோதல்னு படம் ஓடுது. சிவனாண்டியா சத்யராஜ் கலக்கியிருப்பார்.

இப்போ ரெண்டு கட்சியோட வாதத்தையும் கேட்போம்.

முதல் கட்சி சொல்றது: "எங்க ஊரை எங்க ஊராவே காட்டின படம். டீக்கடை, திருவிழா, வேலை இல்லாத நண்பர்கள், ஒருத்தனை ஒருத்தன் கலாய்க்கிறது... எல்லாமே நாங்க வாழ்ற வாழ்க்கை. சிரிக்க வந்த இடத்துல எதுக்கு கோர்ட் வைக்கிறீங்க?" சும்மா சொல்லக் கூடாது, இவங்க கையில இன்னொரு பலமான பாயின்ட்டும் இருக்கு. பெத்த பொண்ணையே கௌரவத்துக்காகக் கொன்னுட்டதா ஊரே பயந்து பேசுற அப்பாவை வச்சுத்தான் படம் ஆரம்பிக்குது. கடைசியில பார்த்தா, பொண்ணை விரும்பினவனோட அனுப்பி வச்சதே அந்த அப்பாதான். மீசையை விட்டுக் கொடுக்க மனசில்லாம வெளியே வீறாப்பு! இந்தப் படம் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2013 ஜூலையில, சாதி தாண்டிக் கல்யாணம் பண்ணின தருமபுரி இளவரசன் ரயில் பாதை ஓரம் பிணமா கிடந்தார். அந்தக் காத்து இன்னும் சூடா இருந்த நேரத்துல, கௌரவம்னு மார்தட்டுற ஒரு அப்பாவைக் காமெடியாக்கி, உள்ளுக்குள்ள நல்லவரா முடிச்ச படம் இது. அது சின்ன விஷயம் இல்லை.

ரெண்டாவது கட்சி சொல்றது: "எல்லாம் சரி. ஆனா லதா ஸ்கூல் படிக்கிற பொண்ணு. கல்யாணத்துக்கு வயசு பத்தாதுன்னு போலீஸை வரவழைச்சவரே, புடவை கட்டினதும் 'ஆஹா'ன்னு பின்னாடி வர்றாரே, எப்படி? பின்னாடியே வந்தா பொண்ணுக்குப் பிடிச்சுடும்னு படம் சொல்லுது. அதை நம்பி எங்க பின்னாடி வர்றவனுக்கு யார் பதில் சொல்றது?"

இதுல யார் கரெக்ட்? என்னைக் கேட்டா, ரெண்டு கட்சியும் ரெண்டு வேற படம் பார்க்குது. ஒரே டிக்கெட்டுல! முதல் கட்சி பார்க்கிறது, ஒரு பொண்ணோட படிப்பைக் காப்பாத்தின போஸ் பாண்டியை. ரெண்டாவது கட்சி பார்க்கிறது, தெருவுல அவளைத் தொடர்ந்து வர்ற போஸ் பாண்டியை. ஆள் ஒண்ணு, விளைவு ரெண்டு. சின்ன ஊர்ல ஒரு பொண்ணோட படிப்பை நிறுத்துற காரணங்கள்ல முக்கியமான ஒண்ணு எது தெரியுமா? இந்த ரெண்டாவது போஸ் பாண்டிதான்!

நம்பலையா? உங்க க்ளாஸ்ல திருத்தணி, அரக்கோணம் பக்கத்துல இருந்து லோக்கல் ட்ரெயின்ல வர்ற பொண்ணு யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. ஒருத்தன் தினமும் அதே ட்ரெயின்ல, அதே பெட்டியில, எதிர்ல வந்து நிக்கிறான். பேசலை, தொடலை, சும்மா பார்க்கிறான். அவனைப் பொறுத்தவரைக்கும் அது 'ஒன் சைடு லவ்'. ஃப்ரெண்ட்ஸ் கிட்ட ட்ரீட் வேற! அவ என்ன பண்ணுவா? ட்ரெயினை மாத்துவா. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டுக்கு ஓடுவா. ஆனா வீட்டுல மட்டும் சொல்ல மாட்டா. சொன்னா அப்பா அவனைத் தேடிப் போக மாட்டார், இவ காலேஜைத்தான் நிறுத்துவார். "நாலு பேர் பார்த்தா என்ன சொல்வாங்க? படிச்சது போதும்"னு அடுத்த முகூர்த்தத்துல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. அவனுக்கு அட்டெண்டன்ஸ்ல ஒரு நாள்கூடக் குறையாது. அவளுக்கு டிகிரியே போயிடும்.

கணக்கு புரியுதா? படத்துல ஹீரோ நிறுத்தின அதே கல்யாணத்தை, நிஜத்துல ஹீரோ மாதிரி நடந்துக்கிறவனே சீக்கிரமா நடத்தி வச்சுடுறான். அதனாலதான் பையன் சிரிக்கிற ஸீன்ல பக்கத்து ஸீட் பொண்ணு சிரிக்கிறதில்லை. ரசனை இல்லாம இல்லைங்க, அவளுக்கு அந்த ஸீனோட அடுத்த ரீல் தெரியும்.

"ஒரு பார்வைக்கு இவ்ளோ பில்டப்பா?"ன்னு கேட்கிறவங்களுக்குக் கொஞ்சம் ஹிஸ்டரி. 1998-ல சென்னையில கல்லூரி மாணவி சரிகா ஷா, சில பசங்க பண்ணின கேலி விளையாட்டுல கீழே விழுந்து உயிரையே விட்டாங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்துச்சு. 2013-ல, இந்தப் படம் வர்றதுக்குச் சில மாசம் முன்னாடி, பின்தொடர்றதே தனிக் குற்றம்னு இந்திய தண்டனைச் சட்டத்துல 354-டி பிரிவைச் சேர்த்தாங்க. 2024 ஜூலையில இருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவோட 78-வது பிரிவு. விருப்பம் இல்லைன்னு ஒரு பொண்ணு தெளிவா காட்டின பிறகும் திரும்பத் திரும்பப் பின்னாடி போனா, முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுறதுக்கு முன்னாடி அவ வீட்டுப் படியைத் தாண்டணுமே? அங்கதான் சிக்கல்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைச்சுடாதீங்க. 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணி ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்து பிரிஞ்சு நம்ம பக்கம் வந்துச்சு. ம.பொ.சி. போன்றவங்க போராடி வாங்கின ஊர். அந்தப் பக்கம் நகரி, புத்தூர்னா ஆந்திரா. ரெண்டு மொழியும் கலந்து பேசுற பூமி. கோட்டைப் போட்டு ஊரைப் பிரிக்கலாம், சினிமாவைப் பிரிக்க முடியுமா? நம்ம வாலிபர் சங்கம் 2014-ல தெலுங்குக்குப் போய் மஞ்சு மனோஜ் நடிச்ச 'கரண்ட் தீகா' ஆச்சு. கன்னடத்துல 'அத்யக்ஷா'. எல்லை தாண்டினாலும் ஹீரோ பின்னாடி சுத்துறது மட்டும் மாறலை!

சரி, சாட்சியைக் கூப்பிடுவோமா? முதல் கட்சியோட கடைசி அஸ்திரம் எப்பவும் இதுதான்: "முருகரே வள்ளி பின்னாடி சுத்தலையா? வேடன் வேஷம், கிழவர் வேஷம், அண்ணனை யானையா வரவெச்சுப் பயமுறுத்தினது... சூரி வேலையைப் பிள்ளையாரே பார்த்திருக்காரே!"

வள்ளியைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிக்கிட்டு வந்து முருகன் அமர்ந்த மலைதான் திருத்தணின்னு தல புராணம் சொல்லுது. ஸோ, அந்தச் சாட்சி வள்ளியேதான். அவங்க கதையைக் கொஞ்சம் முழுசா கேட்போம். கந்தபுராணக் கதைப்படி, முருகனைத்தான் கல்யாணம் பண்ணிக்கணும்னு முன்னமே தவம் இருந்தது வள்ளி. முதல்ல விருப்பத்தைச் சொன்னது அவங்க! அடுத்தது, சங்கரதாஸ் சுவாமிகளோட 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்திருக்கீங்களா? தென் மாவட்டத் திருவிழாக்கள்ல விடிய விடிய நடக்கும். அதுல ஜனங்க காத்துக்கிட்டு இருக்கிறது கல்யாண ஸீனுக்கு இல்லை, தர்க்கத்துக்கு. தினைப்புனத்துல கவணோட நிக்கிற வள்ளி, வந்தவரைக் கேள்வியா கேட்டு மடக்குவாங்க. அவர் ஒண்ணு சொன்னா இவங்க ஒன்பது சொல்வாங்க. நல்லா பேசத் தெரிஞ்ச நடிகை வள்ளியா வந்தா அந்த நாடகத்துக்குக் கூட்டம் அள்ளும்.

இப்போ லதா பாண்டிகிட்ட வருவோம். ரெண்டரை மணி நேரப் படத்துல அவளுக்குப் பாட்டு இருக்கு, வெட்கம் இருக்கு, அழுகை இருக்கு. போஸ் பாண்டியை நிறுத்தி வச்சு, "நேத்து டீச்சருக்கு லெட்டர், இன்னிக்கு எனக்கா? நாளைக்கு யாருக்கு?"ன்னு கேட்கிற ஒரு தர்க்கம் இருக்கா? ம்ஹூம்! அந்த ஒரு ஸீன் இருந்திருந்தா, ரெண்டு கட்சியும் ஒரே இடத்துல கை தட்டியிருக்கும். காமெடியும் ரெண்டு மடங்கு ஆகியிருக்கும், சண்டை போடத் தெரிஞ்ச ஹீரோயினைவிட நல்ல காமெடி பார்ட்னர் ஏது?

ஸோ ஃப்ரெண்ட்ஸ், படத்தைத் தடை பண்ணச் சொல்லலை. சிரிக்காதீங்கன்னும் சொல்லலை. அடுத்த தடவை டி.வி. ரூம்ல ஒரு சின்ன ஊர் காதல் படம் ஓடும்போது, ஹீரோ தெருமுனையில திரும்பிப் போன பிறகு கேமரா எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. அவன் கூடவே டீக்கடைக்குப் போகுதா, இல்லை அவ கூட வீட்டுக்குள்ள போகுதா? பெரும்பாலும் டீக்கடைக்குத்தான் போகும். அப்போ அவ வீட்டுக்குள்ள என்ன நடந்திருக்கும்னு உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஃப்ரெண்டைக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் வேற பஞ்சாயத்தோட வர்றேன்!